உப்பிட்ட ஊர்

நவம்பர் கடைசியில் முதல் உப்பு லாரி போகும்.
படுத்தபடியே கேட்பேன்,
தகரத்தின்மேல் யாரோ அரிசியை
வாரி வாரி இறைப்பதுபோல.
விடிந்தால் சாலை வெளுத்துக் கிடக்கும்.
பனி இன்னும் விழுந்திருக்காது.

எங்கள் ஊர் கிளேஸ் பே.
ஒரு பக்கம் அட்லாண்டிக்,
மற்ற பக்கமெல்லாம் நகராட்சி.
இரண்டுமே உப்பிடுகின்றன.
உப்பிட்டவரை உள்ளளவும் மறக்காத குணம்
எங்கள் கரோலாவுக்கு.
உள்ளது குறைந்துகொண்டே வருகிறது,
அது வேறு விஷயம்.

நாத்தனார் வெர்னா சும்மா கொடுத்த வண்டி.
அல்பர்ட்டாவுக்குக் குடிபோன அன்று
சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.
தானமாய் வந்த மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கவில்லை.
பார்த்திருக்க வேண்டியது பல்லை அல்ல,
குனிந்து, அடிவயிற்றை.

இப்போது நாலு லட்சத்துப் பதினோராயிரம் கிலோமீட்டர்.
பாதி அவளுடையது.
மீதி, சிட்னி ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்துக்கு நான்
இரவு வேலைக்குப் போய்வந்தது
(கங்காரு இல்லாத சிட்னி, எங்களுடையது).
திரும்பி வந்து ஃபின்லேயை எழுப்பி
பின்சீட்டில் வலப்பக்கம் உட்காரவைத்துப்
பள்ளியில் விட்டுவிட்டுத்தான் தூக்கம்.

அக்டோபரில் எண்ணெய்க் குளியல்.
ஹெக்டர் பெட்டிபா கதவுகளுக்குள் குழாயை விட்டுப் பீய்ச்சுவான்.
ஒரு வாரம் சொட்டும்.
எதிர்வீட்டு டோரத்தி அட்டைப்பெட்டியைக் கிழித்து
எங்கள் வாசலில் தானே விரித்துவிட்டு
ஒரு வார்த்தை பேசாமல் போவாள்.

பிரேக் குழாய் இரண்டு தடவை மாற்றியாயிற்று.
பெட்ரோல் டாங்கைத் தாங்கும் பட்டை
போன மார்ச்சில், சிவப்பு விளக்கில் நிற்கையில் அறுந்தது.
ஒவ்வொரு போல்ட்டும் ஒரு சிவில் வழக்கு:
எண்ணெய் விட்டு, தீ காட்டி, சுத்தியலால் கெஞ்சி,
கடைசியில் தலை மட்டும் கையோடு வரும்.
"வித்துத் தொலை" என்கிறான் ராய், போனில்.
அவனும் அல்பர்ட்டாவில்தான்,
மூன்று வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே.

இந்த முறை சோதனை ஸ்டிக்கருக்குப் போனபோது
ஹெக்டர் வண்டியை மேலே தூக்கித்
திருப்புளியால் துருவித் துருவிப் பார்த்தான்.
டங் என்றால் இரும்பு.
தப் என்றால் இரும்பு என்ற நினைப்பு.
வலப்பக்கப் பின்சீட்டின் காலடியில்
சத்தமே இல்லை. கைப்பிடி வரை உள்ளே போயிற்று.

மிதியடியை விலக்கினோம்.
டீக்கோப்பை அளவு ஓட்டை.
சுற்றிலும் பச்சை மெழுகுக் கலரில்
இரண்டு வட்டங்கள்.
உள்வட்டத்தைத் துரு பாதி தின்றிருந்தது.
வெளிவட்டத்தை எட்ட
இன்னும் ஒரு விரற்கடை பாக்கி.

கேட்டேன். உடனே ஒப்புக்கொண்டான்.
அதன் வழியாகப் பட்டாணி போட்டிருக்கிறான்,
ரொட்டி ஓரங்கள், ஒற்றைக் கையுறை,
நான் கையெழுத்திட வேண்டிய கடிதம் ஒன்று.
"ஏன்டா சொல்லல?"
"சொன்னா வண்டிய வித்துடுவீங்க.
வண்டி போனா
நாமளும் அல்பர்ட்டா போயிடுவோம்."

ஹெக்டர் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான்,
துடைக்க ஒன்றும் இல்லாத பிறகும்.

சலவைக்கூடத்தில் ஒதுக்கிப்போட்ட மெஷினின்
பக்கத் தகடு ஒன்று கொண்டுபோய்க் கொடுத்தேன்.
வெட்டி, வளைத்து, பற்றவைத்தான்.
இரண்டு வருஷத்துக்கு ஸ்டிக்கர்.
ராயிடம் தொகையைச் சொன்னேன்.
மற்றதை நேரில்தான் சொல்ல வேண்டும்.

நேற்று மிதியடியை உதறப் போனேன்.
புதுத் தகட்டில், பச்சையில்,
காசளவு ஒரு வட்டம்.
விரலால் தட்டிப் பார்த்தேன்.
டங்.

இரவு லாரி போகிற சத்தம் கேட்டது.
காலையில் வாளி வெந்நீரோடு வெளியே வந்து
முட்டி போட்டுக்
கீழிருந்து கழுவ ஆரம்பித்தேன்.